பச்சைக் கோர்

வேகாததைப் பச்சை என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது? பச்சை முட்டை, பச்சை மாவு. பம்மல் ஃபவுண்டரியில் நான் வேலைக்குச் சேர்ந்து பதினோரு வருடம். அத்தனை வருடமும் அடுப்பில் வேகாத கோருக்குப் பச்சை என்றுதான் பெயர். ஆண்டவர் வந்து கேட்டாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். எனக்கு வாய் அப்படி.

கூட்ஸ் வண்டிச் சக்கரத்தின் அச்சு உட்கார ஒரு இரும்புப் பெட்டி வேண்டும். ஆக்சில் பாக்ஸ் என்பார்கள். பெட்டி என்றால் உள்ளே காலியாக இருக்க வேண்டுமே, அந்தக் காலி இடத்தைச் செய்வது நாங்கள்தான். மணலில் எண்ணெயும் வெல்லப்பாகுக் கசடும் விட்டுப் பிசைந்து, மரப் பெட்டியில் இடித்து நிரப்பி, காற்று போகக் கம்பியால் துளை போட்டுக் கவிழ்த்தால் அது கோர். நாலு மணி நேரம் அடுப்பில் வெந்தால் காப்பிக்கொட்டை நிறத்தில் கல்லாகிவிடும். அதை வார்ப்பு அச்சுக்குள் வைத்துச் சுற்றிலும் இரும்பை உருக்கி ஊற்றுவார்கள். ஆறியதும் மணலைத் தட்டிக் கொட்டிவிடுவார்கள். இந்த வேலைக்கு ஆறு பெண்கள் இருந்தோம். நான்தான் மூத்தவள்.

கோர் வெந்ததா என்று கண்ணால் பார்த்தால் தெரியாது. விரல் முட்டியால் தட்ட வேண்டும். வெந்தது டங்கென்று சொல்லும், பச்சை மொத்தென்று சொல்லும். வேகாத கோரில் ஈரம் இருக்கும். கொதிக்கிற இரும்பு அதன்மேல் பட்டால் ஈரம் ஆவியாகி இரும்பையே வெளியே எகிற வைத்துவிடும்.

எண்பத்தொன்பதில் பொங்கல் முடிந்த கையோடு எங்கள் சூப்பர்வைசர் கிட்டு ஒரு போர்டு மாட்டினார். சிட்லபாக்கத்திலிருந்து மொபெட்டில் வருகிற பையன், இருபத்தாறு வயது, சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. போர்டில் பச்சை வட்டம், பக்கத்தில் 'போகலாம்'. சிவப்பு வட்டம், பக்கத்தில் 'நிற்கட்டும்'. கோர் அடுக்குகிற ஒவ்வொரு ரேக்கிலும் அந்தந்த நிறத்தில் தகர வில்லை தொங்க வேண்டுமாம்.

"சார், இங்க பச்சைன்னா வேகாதது," என்றேன். "வேகாதத்த எங்க போவச் சொல்றீங்க? உங்க வூட்டுக்கா?"

பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். கிட்டுவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"சொல்றதைப் புரிஞ்சுக்குங்க மேரிம்மா. எல்லா ஃபேக்டரிலயும் க்ரீன்னா ஓகே," என்றார்.

நான் புரிந்துகொள்ளவில்லை. எனக்குக் கொடுத்த பச்சை வில்லையைத் தண்ணீர்ச் சொம்புக்கு மூடியாக வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு தடவை தண்ணீர் குடிக்கும்போதும் "இது போகலாம்" என்பேன். பெண்கள் சிரிப்பார்கள்.

மாசி மாதம் என் அக்கா செல்வமேரியின் புருஷன் தாவீது வேலைக்குச் சேர்ந்தார். நான்தான் கிட்டுவிடம் சொல்லிச் சேர்த்துவிட்டேன். மாமா கோவளத்தில் பிறந்து வளர்ந்தவர், நாற்பத்தொரு வயது வரை கடலைத் தவிர எதுவும் தெரியாது. அவருடைய தம்பி போன வருடம் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. உடம்பும் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து அக்கா தூங்கவே இல்லை. இனிமேல் கடலில் கால் வைக்க மாட்டேன் என்று கோயிலில் வைத்து மாமாவைச் சத்தியம் பண்ண வைத்து, வீட்டைக் காலி செய்து, பம்மலில் என் வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டாள். ஃபவுண்டரியில் மூன்று மாதம் தாக்குப் பிடித்தால் மாமாவுக்கு வேலை நிரந்தரம். இல்லையென்றால் அவருக்குத் தெரிந்தது அந்த ஒரு தொழில்தான், சத்தியமாவது ஒன்றாவது.

மாமாவுக்குக் கோர் ரேக்குகளைத் தள்ளுவண்டியில் அடுப்புக்கும் இரும்பு ஊற்றுகிற ஷெட்டுக்கும் கொண்டுபோகிற வேலை. ஃபவுண்டரியைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் கிட்டு முதல் நாள் போர்டுக்கு முன்னால் நிறுத்திச் சொல்லிக் கொடுத்ததுதான். வீட்டில் சாப்பிடும்போதும் அதையே சொல்லிக்கொண்டிருப்பார். "சிவப்புன்னா நில்லு, பச்சைன்னா போ. கரையில எல்லாத்துக்கும் ரூல்ஸ் கீது மேரி."

"ஆமா, நீ அந்தக் கிட்டு கிளாஸ்ல பஸ்ட்டு மார்க்கு," என்று கேலி செய்வேன். அதாவது, பச்சை என்றால் அவருக்குப் போ என்றுதான் அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

சித்திரை கடைசியில் ஒரு வியாழக்கிழமை. காலையில் கரண்ட் போய்விட்டது. அடுப்புக்குக் காற்றடிக்கிற மோட்டார் நின்று, ஒரு மணி நேரத்துக்கு மேல் சூடு இறங்கிப்போனது. கரண்ட் வந்த பிறகு ஒரு ரேக்கை வெளியே இழுத்துப் பார்த்தேன். மேலே நல்ல காப்பிக்கொட்டை நிறம். தட்டினேன், மொத்து. வெளியே சிவந்து உள்ளே மாவாக இருக்கிற பணியாரம் மாதிரி. இன்னும் ஒரு மணி நேரம் அடுப்பில் இருக்க வேண்டும். அதற்குள் அடுத்த கலவை காய்கிறது என்று முழங்கை வரை கையை மணலில் விட்டுப் பிசைய ஆரம்பித்துவிட்டேன்.

மாமா வண்டியோடு வந்தார். ரேக்கில் வில்லை எதுவும் தொங்கவில்லை. "மேரி, இந்த ரேக்கு இன்னா?"

"பச்சை மாமா. உள்ள தள்ளு."

எனக்கு உள்ளே என்றால் அடுப்பு. அவருக்கு உள்ளே என்றால் இரும்பு ஊற்றுகிற பெரிய ஷெட். நான் தலையைத் திருப்பவில்லை. வண்டிச் சக்கரம் உருளுகிற சத்தம் அடுப்பைத் தாண்டியும் கேட்டது. பக்கத்தில் இருந்தவளோடு வம்பு பேசிக்கொண்டிருந்தேன், காதில் விழுந்ததை மனதில் வாங்கவில்லை.

சாப்பாட்டு மணிக்குச் சற்று முன்னால் பெரிய ஷெட்டில் பொட்டென்று ஒரு சத்தம். அதற்கப்புறம் ஒரு அலறல். ஜெயவேலு என்பவர் கரண்டி பிடித்து ஊற்றிக்கொண்டிருந்தவர். ஊற்றின இரும்பு அச்சுக்குள்ளிருந்து திருப்பி எகிறி, அவருடைய இடது கால் முட்டிக்குக் கீழே முழுக்கப் பட்டுவிட்டது. கோர் பார்வைக்கு வெந்த நிறத்தில் இருந்ததால் அங்கே யாரும் சந்தேகப்படவில்லை. தட்டிப் பார்ப்பது அவர்கள் வேலை இல்லை, என் வேலை. ஜெயவேலுவைத் தூக்கிக்கொண்டு போனபோது அவர் பெண்டாட்டி பேரைச் சொல்லி அழுதுகொண்டே போனார். கால் தப்பிவிடும், ஆனால் நடக்க மூன்று மாதம் ஆகும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

மறுநாள் கிட்டு எங்கள் இரண்டு பேரையும் தன் மேஜைக்கு முன்னால் நிற்க வைத்தார்.

"அந்த ரேக்கை ஏன் எடுத்துட்டுப் போனீங்க?"

மாமா, "பச்சைன்னாங்க சார், எடுத்துகினு போனேன்," என்றார். அவ்வளவுதான் அவருக்கு. போர்டில் எழுதியிருக்கிறபடி செய்தவர் எதற்குப் பயப்பட வேண்டும்?

கிட்டு என் பக்கம் திரும்பினார். "நீங்க என்ன சொன்னீங்க மேரிம்மா?"

வேலை போய்விடும் என்ற பயம்கூட அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது வீம்பு. பச்சை என்று சொன்னேன் என்று ஒப்புக்கொண்டால், அந்தப் போர்டை நான் மதிக்கவில்லை, இந்தச் சின்னப் பையன் சொன்னதுதான் சரி என்று அத்தனை பெண்களுக்கும் முன்னால் ஆகிவிடும். அந்த ஒரு நிமிடத்தில் ஜெயவேலுவின் கால்கூட எனக்கு ஞாபகம் வரவில்லை.

"வேகலைன்னு சொன்னேன் சார்," என்றேன்.

பொய் என்று யாரும் சொல்ல முடியாது. பச்சை என்றால் வேகாததுதானே. ஆனால் நான் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை.

மாமா என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன். அவர் கோபப்படவில்லை. கையைத் தூக்கித் தன் வலது காதைத் தொட்டார்.

"அப்படியா சொன்ன? என் காதுதான் சார். சின்ன வயசிலேர்ந்து கடல் தண்ணி பூந்து பூந்து... சரியா வுழல போலக் கீது."

கிட்டு அதை எழுதிக்கொண்டார். நிரந்தரம் ஆகாத ஆள் என்பதால் அன்று சாயங்காலமே மாமாவை நிறுத்திவிட்டார்கள்.

அதற்கப்புறம் நடந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மாமா நிஜமாகவே செவிடர் மாதிரி ஆகிவிட்டார். யாராவது பேசினால் தலையைச் சாய்த்து ஒரு காதைக் கொடுப்பார். "இன்னாது? இன்னொரு வாட்டி சொல்லு." அக்கா அவரோடு கத்திப் பேச ஆரம்பித்தாள். பொழிச்சலூரில் ஒரு வாட்ச்மேன் வேலை வந்தது, காது மந்தம் என்று அவரே முந்திக்கொண்டு சொல்லிக் கெடுத்துக்கொண்டார். "தெரியாம போயி இன்னொருத்தன் காலு வெந்துட்டா?" என்றார். இரண்டு வாரம் பார்த்துவிட்டு, கோவளத்துக்கே போகிறேன், பழைய போட்டில் ஏறிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

அக்கா என் வீட்டுக்கு ஓடி வந்தாள். "காது கேக்காத ஆளு கடலுக்குப் போனா திரும்புவாராடீ? நீயே அவரக் காது டாக்டருகிட்ட இட்டுகினு போ. உனக்குத்தான் பேசத் தெரியும்," என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்குப் பேசத் தெரியும் என்று அவள் சொன்னபோது செத்துவிடலாம் போல இருந்தது.

தாம்பரத்தில் ஒரு காது டாக்டர். இரும்புக் கவட்டை மாதிரி ஒன்றைத் தட்டித் தட்டி மாமாவின் இரண்டு காதிலும் வைத்தார். பின்னால் போய் நின்று குசுகுசுவென்று என்னவோ சொன்னார். மாமா ஒன்று விடாமல் திருப்பிச் சொன்னார்.

டாக்டர் சிரித்துவிட்டார். "ஒண்ணும் இல்லைய்யா. உங்களுக்குப் பாம்புக் காது."

வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றோம். மாமா ஒன்றும் கேட்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கேட்டிருந்தால் இன்னொரு பொய்யை யோசித்திருப்பேனோ என்னவோ. கேட்காமல் நின்றதால் என்னால் நிற்க முடியவில்லை.

"பச்சைன்னுதான் சொன்னேன் மாமா."

பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. மாமா தலையைச் சாய்த்தார். "இன்னாது?"

"அன்னிக்கு நான் பச்சைன்னுதான் சொன்னேன்."

"இன்னொரு வாட்டி."

கத்தினேன். "பச்சைன்னு சொன்னேன்! வேகலைன்னு சொல்லவேயில்ல! சாருகிட்ட நான் சொன்னது பொய்யி!" பஸ்ஸுக்கு நின்ற சனம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

மாமா தலையை நிமிர்த்தினார். "மொத வாட்டியே கேட்டுச்சு மேரி. அன்னிக்கும் நல்லாத்தான் கேட்டுச்சு. நீ இல்லேன்னு சொன்னப்புறம்தான் எனக்குக் காது கேக்காம பூடுச்சு."

வந்து நின்ற பஸ்ஸில் அவர் ஏறி உட்கார்ந்தார். நான் பின்னால் ஏறினேன். பம்மலில் இறங்கினோம். அவர் வீட்டுப் பக்கம் நடந்தார், நான் ஃபவுண்டரிக்குப் போனேன்.

கிட்டு மொபெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். எழுதிக் கொடுங்கள் என்று காகிதம் நீட்டினார். 'நான் பச்சை என்று சொன்னேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அவர் அதைப் படித்துவிட்டு மெதுவாகக் கேட்டார். "அவர் அதைத் தப்பா எடுத்துப்பாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"அவருக்கு உங்க போர்டு மட்டும்தான் தெரியும்னு எனக்குத் தெரியும் சார்."

கிட்டு திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "நாளைக்கு அவரை வேலைக்கு வரச் சொல்லுங்க. நான் பார்த்துக்கறேன்," என்றார். காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "நீங்க வர வேண்டாம். லெட்டர் வரும்," என்றார்.

என் வேலை போனதற்கு எனக்கு அப்போது அழுகை வரவில்லை. மாமாவுக்கு வேலை கிடைத்துவிட்டது, அக்கா இனிமேல் தூங்குவாள் என்ற சந்தோஷம்தான் இருந்தது. ஏறக்குறைய ஓடித்தான் வந்தேன். அவர்கள் வீட்டில் கோவளத்துக்குப் போகத் துணிப்பை கட்டி வைத்திருந்தது. மாமா நாற்காலியில் இருந்தார். அக்கா சுவரில் சாய்ந்து நின்றாள். அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று பார்த்ததும் புரிந்தது.

"மாமா, சாருகிட்ட எழுதிக் குடுத்துட்டேன். நாளைக்கே உன்ன வேலைக்கு வரச் சொன்னாரு," என்றேன்.

மெதுவாகத்தான் சொன்னேன். மாமா தலையைச் சாய்க்கவில்லை, இன்னாது என்று கேட்கவுமில்லை. அக்காவைப் பார்த்தார்.

"செல்வம், நீ போயி அந்தக் கிட்டு சாரு வாயால கேட்டுகினு வா. அதுவரைக்கும் பையப் பிரிக்காத."

அக்கா என்னைப் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.