மெர்சி ஆட்கின்ஸ் வீட்டுப் புகை

ஹார்வில் ஊரில் முதல் அடுப்பை மூட்டியவர் தன் கொள்ளுத்தாத்தாதான் என்று லைசாண்டர் டிங்லி ஊர் வரலாற்றில் எழுதி முடித்த காலையில், குன்றின்மேல் மெர்சி ஆட்கின்ஸின் வீட்டிலிருந்து புகை எழுந்தது. அந்த வீடு இடிந்து ஒரு தலைமுறைக்கு மேலாகியிருந்தது. மிச்சமிருந்தது கல் அடுக்கிய நிலவறைக் குழியும் அதில் முளைத்த பிர்ச் மரமும், ஒருகாலத்தில் அடுப்பெரிந்த கணப்புக் கல்லும்தான். சனிக்கிழமைகளில் புகையோடு பீன்ஸ் வேகும் வாசனையும் வந்தது. நியூ ஹாம்ப்ஷையரில் அந்த வருடம் பனி சீக்கிரம் விழுந்ததைப் பற்றிப் பேசியதைப் போலவே ஊரார் இதைப் பற்றியும் பேசிக்கொண்டார்கள்.

மெர்சி என்ற விதவை ஒரு கோடாரியும் ஒரு பசுவுமாகத் தன்னந்தனியே வந்து முதலில் குடியேறியவள் என்பது லைசாண்டருக்குத் தெரியும். ஊர் எல்லையைச் சுற்றி நடந்து கற்களைச் சரிபார்க்கும் முறை அவருக்கு வந்தபோது, அவள் பெயரும் வருடமும் வெட்டிய கணப்புக் கல்லைப் பாசி சுரண்டிப் படித்தவர் அவரே. ஆனால் மாநிலச் சட்டசபைக்கு அவரை விடாமல் அனுப்பி வந்தவர்கள் டிங்லி வம்சத்தார். ஊரில் பாதிப்பேர் அவர்கள். முதல் குடி என்ற பெருமையைப் பிடுங்கினால், சட்டசபைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் மார்ச் மாத ஊர்க்கூட்டத்தில் அவருடைய நாற்காலியை அவர்கள் பிடுங்கிவிடுவார்கள்.

புகை கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தது. பிறகு குன்றிறங்கி, வேறெந்த வீட்டையும் தொடாமல், டிங்லி வீட்டுக்குள் வந்து தங்கிவிட்டது. திங்கட்கிழமை வெளுத்த துணி செவ்வாயன்று கறுத்தது.

"ஏங்க, செத்தவளுக்கு ஓட்டு இல்லைன்னுதானே இந்தத் தைரியம்?" என்றாள் மனைவி கெசியா, இருமிக்கொண்டே.

"உயிரோட இருந்தாலும் பொம்பளைக்கு ஓட்டு கிடையாதேம்மா," என்றார் அவர், சட்டம் தெரிந்தவராக.

"அப்ப உங்க துணியை இனிமே சட்டசபையே துவைக்கட்டும்."

அழுக்குச் சட்டையோடுதான் ஊர்க்கூட்டத்துக்குப் போனார். புகையும் கூடவே வந்து பின்பெஞ்சில் உட்கார்ந்தது. ஓட்டுக்கு முன்னால் லைசாண்டர் எழுந்து, தான் எழுதியது பொய் என்றும் முதல் அடுப்பு மெர்சியுடையது என்றும் சொன்னார்.

சித்தப்பா ஹைரம் டிங்லி துள்ளி எழுந்தார். "அப்ப நம்ம பெரியவரு எங்கடா இருந்தாரு?"

"நெருப்பு இரவல் கேட்டு அவ வாசல்ல நின்னாரு, சித்தப்பா."

குடும்பத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்பதால் ஹைரம் உட்கார்ந்துவிட்டார். ஓட்டை மட்டும் வேறொருவருக்குப் போட்டார். மற்ற டிங்லிகளும் அப்படியே. நாற்காலி போயிற்று. பிறகு வழக்கம்போல ஊரின் சிறு பதவிகளுக்கு ஆள் எடுத்தார்கள். பன்றி பிடிப்பவருக்கும் வேலி பார்ப்பவருக்கும் நடுவே, புகை பார்ப்பவர் என்று யாரோ லைசாண்டரை முன்மொழிய, டிங்லிகள் உட்பட எல்லோரும் கை தூக்கினார்கள். புகை அன்றே குன்றுக்குத் திரும்பியது. காலைதோறும் அவர் ஏறிப்போய்க் கணப்புக் கல்லில் ஒரு விறகுக் கட்டையை வைத்துவிட்டு, வெளுத்த சட்டையோடு இறங்கி வந்தார்.

அவர் இறந்த பின் வந்த மார்ச்சில், அந்தப் பதவிக்கு இரண்டு டிங்லிகள் போட்டியிட்டார்கள்.