வெர்லின் கழுவாத தொட்டி

என் தம்பி வெர்லினை நான் பழிவாங்கினேன். சர்ச்சுக்கு வருகிற பெண்கள் இப்போது அதைப் பூசி மெழுகப் பார்க்கிறார்கள். "எப்படியோ உண்மை வெளிய வந்துச்சு" என்கிறார்கள். தானாக ஒன்றும் வரவில்லை. எட்டு மாதம் வயிறு எரிந்து, யோசித்து, நாள் பார்த்து நான் வரவழைத்தேன்.

எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரு மடக்கு கேம்பர் இருக்கிறது. காருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய் ஏரிக்கரையில் நிறுத்தி, கைப்பிடியைச் சுற்றினால் கூரை எழும்பும், இரண்டு பக்கமும் படுக்கை கேன்வாஸ் துணியோடு வெளியே நீளும். உள்ளே ஒரு சின்ன சிங்க், ஒரு குழாய், இருக்கைக்கு அடியில் இருபது காலன் குடிதண்ணீர்த் தொட்டி. இந்தத் தொட்டிதான் விவகாரம்.

அதற்கு ஒரு முறை உண்டு. போய்வந்தவர் தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் வடித்துவிட வேண்டும். அடுத்துப் போகிறவர் கிளம்புவதற்கு முன் பிளீச் ஊற்றித் தொட்டியையும் குழாயையும் கழுவ வேண்டும். பதினைந்து காலனுக்குக் கால் கப், அதுவும் வாசனை சேர்க்காத பிளீச். குழாயைத் திறந்தால் பிளீச் நெடி அடிக்க வேண்டும். அப்படியே ராத்திரி முழுக்க ஊறவிட்டு, காலையில் வடித்து, இரண்டு தடவை நல்ல தண்ணீரால் அலச வேண்டும். இத்தனையையும் ஒரு தாளில் என் கையால் எழுதி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்தேன், வெர்லினுக்காக.

பதினோரு வருஷத்தில் அந்தத் துரை ஒரு தடவைகூட அதைச் செய்ததில்லை. தண்ணீரோடு வண்டியைக் கொண்டுவந்து என் வீட்டு வாசலில் விட்டுவிட்டுப் போவான். நான் வாயைத் திறக்காமல் வடித்துக் கழுவி வைப்பேன். எங்கள் மினசோட்டாவில் முகத்துக்கு நேரே யாரும் யாரையும் குறை சொல்வதில்லை. "பரவாயில்ல, அதனால என்ன" என்று சொல்லிச் சொல்லியே பல்லைக் கடித்துச் செத்துப்போவோம். நானும் அப்படித்தான் இருந்து தொலைத்தேன்.

போன ஜூலையில் எனக்கு முழங்கால் அறுவை. அதனால் கேம்பர் வெர்லின் வீட்டிலேயே நின்றது. ஜூலை நாலாம் தேதி விடுமுறைக்குப் பிடித்த தண்ணீர் தொட்டிக்குள்ளேயே இரண்டு மாத வெயிலில் கிடந்தது. செப்டம்பர் நீள்விடுமுறைக்கு அதே வண்டியை இழுத்துக்கொண்டு லூன் ஏரிக்குப் போனோம். சொந்தக்காரர்களும் சர்ச்சுக்காரர்களுமாகப் பதினோரு பேர். நான் ஊன்றுகோலோடு ஒரு பெரிய கிண்ணம் உருளைக்கிழங்கு சாலட் கொண்டு போயிருந்தேன். ஞாயிறு மாலைக்குள் ஒன்பது பேருக்கு வாந்தி, பேதி. வெர்லினின் மகள் பிரிட்டா இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் டிரிப் ஏற்றிக்கொண்டு கிடந்தாள். தப்பித்தது இரண்டே பேர். கொதிக்க வைத்த காபியைத் தவிர வேறெதையும் குடிக்காத நான். ஏரிக்கரையில் பீரைத் தவிர வேறெதையும் குடிக்காத வெர்லின்.

நான்தான் பிறகு அந்தத் தொட்டியின் வடிகுழாயைத் திறந்தேன். முதலில் தண்ணீர் வரவில்லை. சளி மாதிரி ஏதோ இழுபட்டு வந்தது, அதற்குப் பின்னால் பழுப்புத் தண்ணீர். உடனே எல்லோருக்கும் போன் செய்து சொன்னேன், சாலட் இல்லை, தண்ணீர் என்று.

வெர்லின் அசரவில்லை. "பதினஞ்சு காலனுக்குக் கால் கப் ஊத்துனேன். வாசன இல்லாத பிளீச். ராத்திரி பூரா ஊறவச்சேன். ரெண்டு தடவ அலசுனேன்" என்று எல்லோரிடமும் ஒப்பித்தான். நான் எழுதி ஒட்டிய தாளிலிருந்து வரிக்கு வரி. பொய் சொல்வதற்கும் நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன் பாருங்கள். கடைசியில் ஒரு வரி சொந்தமாகச் சேர்த்தான்: "பாவம் அக்கா. முட்டியெல்லாம் வலியா இருந்துச்சு, மயோனைஸ வெயில்ல வச்சத மறந்திருப்பா."

நம்பிவிட்டார்கள்.

எங்கள் சர்ச்சில் ஒருவரின் அடக்கம் முடிந்ததும் கீழ்த்தளத்தில் எல்லோருக்கும் மத்தியானச் சாப்பாடு. இருபத்திரண்டு வருஷமாக அந்தச் சாப்பாட்டுக்கு உருளைக்கிழங்கு சாலட் என்னுடையது. துக்கத்தில் வந்தவர்கள்கூட இரண்டாவது தடவை போட்டுக்கொள்வார்கள். யார் எதைக் கொண்டுவர வேண்டும் என்று சமையலறைக் கதவில் ஒரு தாள் தொங்கும். எழுதுவது மேவிஸ், சமையல் குழுத் தலைவி. அக்டோபரில் ஒரு சாவு. நான் போய்ப் பார்த்தேன். 'அர்லிஸ்' என்ற என் பெயருக்கு நேரே 'காகிதத் தட்டு, நாப்கின்' என்று இருந்தது.

ஒருத்தி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மேவிஸ் என் கையைத் தட்டிக்கொடுத்து, "முட்டிக்கு ஓய்வு குடு அர்லிஸ்" என்றாள். அந்தக் குளிர்காலத்தில் ஏழு சாவு. ஏழுக்கும் காகிதத் தட்டு தூக்கிக்கொண்டு போனேன். என் உயிர்த்தோழியின் அடக்கத்துக்கும் அதுதான். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, என் பேரைத் திருப்பி வாங்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன். அதை வெர்லின் வாயாலேயே வாங்க வேண்டும் என்றும்.

நான் ஒன்றும் புண்ணியவதி அல்ல. தொட்டியில் வந்த தண்ணீரில் ஒரு ஜாடி எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்திருந்தேன், அவன் காபியில் கலக்க. பிறகு யோசித்தேன். அவன் படுத்தால் என் காபிதான் காரணம் என்பான். ஜாடியைக் கொட்டினேன்.

மே கடைசியில் மறுபடி நீள்விடுமுறை, மறுபடி லூன் ஏரி. அதற்கு முந்தைய வியாழக்கிழமை, வெர்லின் வேலைக்குப் போன பிறகு நான் அவன் வீட்டுக்குப் போனேன். கேம்பரின் குழாயைத் திறந்து தண்ணீர் பம்பின் சுவிட்சைத் தட்டினேன். ரோஸ் நிறத்தில் வந்தது. குளிரில் குழாய் உறைந்து வெடிக்காமலிருக்க அக்டோபரில் நான் ஏற்றிவிட்ட திரவம். அதாவது இந்த வருஷமும் ஐயா கை வைக்கவில்லை. ஆனால் அவன் கார் கொட்டகையில் எட்டிப் பார்த்தால், பாட்டில் தண்ணீர் நான்கு பெட்டி அடுக்கி வைத்திருக்கிறான். பதினோரு வருஷமாக ஏரிக்கு ஒரு பாட்டில் கொண்டு வராதவன்.

அங்கேயே நின்றுவிட்டேன். அவனுக்குத் தெரியும். தண்ணீர்தான் என்று போன வருஷமே தெரியும்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தத் தொட்டியை அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் பிரிட்டா ஏழு மாதக் கர்ப்பிணி. அதனால் கழுவினேன். வழக்கத்தைவிடக் காரமாகப் பிளீச் கலந்து, ஐந்து மணி நேரம் ஊறவிட்டு, மூக்கை வைத்து முகர்ந்தாலும் நெடி தெரியாத அளவுக்கு நான்கு தடவை அலசினேன். அவன் வேலையிலிருந்து வருவதற்குள் எல்லாவற்றையும் இருந்த இடத்தில் வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

வெள்ளிக்கிழமை ஏரிக்கரையில் கூரையைத் தூக்கி நிறுத்தினோம். பக்கத்து இடத்தில் மேவிஸின் வண்டி. அவள் காதில் விழும்படி கேட்டேன்.

"வெர்லின், தொட்டி கழுவுனியா?"

"புதன்கெழமையே கழுவிட்டேன் அக்கா. கால் கப் பிளீச், ராத்திரி பூரா ஊறல், ரெண்டு அலசல். என்ன கேள்வி இது?"

"சும்மா கேட்டேன். நீ உக்காரு, நான் தண்ணி புடிக்கிறேன்."

உட்காரச் சொன்னால் அவன் மாட்டேன் என்பானா? நாற்காலியைச் சாய்த்து பீரைத் திறந்தான். நான் அந்த முகாம் பூங்காவின் குழாயில் வெள்ளைக் குடிநீர் ஹோஸை மாட்டித் தொட்டியை நிரப்பினேன். அன்று முழுக்க அவன் எல்லோருக்கும் பாட்டில் தண்ணீர் எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தான். மேவிஸ் என்னிடம், "உன் தம்பிக்கு எவ்வளவு அக்கற பாரேன்" என்றாள். "ஆமா, உருகுறான்" என்றேன்.

சனிக்கிழமை காலை அவன் மீன்பிடிக்கப் போனதும், மீதியிருந்த பாட்டில் பெட்டிகளை என் கார் டிக்கியில் போட்டுப் பூட்டினேன்.

மத்தியானம் நல்ல வெயில். பெரிய மேஜையைச் சுற்றி எல்லோரும் இருந்தோம். வெர்லின் அடுப்பில் இறைச்சி வாட்டிக்கொண்டிருந்தான். நான் கேம்பருக்குள் போய்க் கண்ணாடி டம்ளர் நிறையக் குழாய்த் தண்ணீர் பிடித்து வந்து அவன் முன்னால் வைத்தேன்.

"வேர்த்துக் கொட்டுதே. குடி."

"பீர் இருக்கு அக்கா."

"ஒரு வாய் தண்ணி குடிச்சா கொறஞ்சா போயிருவ?"

"பாட்டில் எடுத்துக்கறேன்." தேடினான். "பெட்டியெல்லாம் எங்க?"

"தீந்துபோச்சு போல. இதுதான் இருக்கே, நீ கழுவுன தொட்டித் தண்ணி. எம் மேல நம்பிக்க இல்லாட்டியும் உம் மேல இருக்கும்ல."

மேவிஸ் கெக்கெக்கே என்று சிரித்தாள். அவனும் சிரித்தான், ஆனால் டம்ளரைத் தொடவில்லை. அப்போதுதான் பிரிட்டா வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏரியிலிருந்து மேட்டில் ஏறி வந்தாள். முகம் சிவந்திருந்தது.

"அத்தை, தண்ணி இருக்கா? நாக்கு வறண்டுபோச்சு."

இது என் திட்டத்தில் இல்லை. குடிக்கலாம் கண்ணு, நான் கழுவியதுதான் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வெர்லினையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்னை நல்லவள் என்று நினைக்கிறவர்கள் இந்த இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம்.

அவள் டம்ளரை எடுத்து உதட்டருகே கொண்டுபோனாள். வெர்லின் பாய்ந்து தட்டிவிட்டான். டம்ளர் மேஜையில் மோதி உடைந்தது.

"அதக் குடிக்காத."

இந்த மாதிரி நேரத்தில் எங்கள் ஆட்கள் வானத்தைப் பார்ப்பார்கள், மழை வருமா என்று பேசுவார்கள். மேவிஸ் அதைச் செய்யவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக நேராகக் கேட்டாள்.

"ஏன் வெர்லின்? ஏன் குடிக்கக் கூடாது?"

"இல்ல... வெயில்ல சூடாயிருக்கும்னு..."

பிரிட்டா அவனை விடவில்லை. "கழுவுனேன்னு சொன்னீங்களேப்பா."

அவன் குனிந்து கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தான்.

"போன வருஷம்? அப்பவும் கழுவலியா?" அவள் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. "நான் ஆஸ்பத்திரில கெடந்தப்ப உங்களுக்குத் தெரியுமா? என் பக்கத்துல உக்காந்து அத்தையக் குத்தம் சொன்னீங்களே."

நான் உள்ளே போய் இன்னொரு டம்ளர் பிடித்து வந்தேன். எல்லோரும் பார்க்க அடிவரை குடித்தேன். "வியாழக்கெழம நான் போய்க் கழுவிட்டேன். பைப்ல இன்னும் நான் அக்டோபர்ல போட்ட ரோஸ் தண்ணிதான் இருந்துச்சு. நீ தாராளமா குடிக்கலாம் பிரிட்டா. உங்கப்பாவும் குடிச்சிருக்கலாம்."

பிரிட்டா வாங்கிக் குடித்தாள். பிறகு தன் பையை எடுத்துக்கொண்டு, அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் காரை ஓட்டிக்கொண்டு போய்விட்டாள்.

எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. வயிற்றில் பால் வார்த்த மாதிரி. பொய் சொல்ல மாட்டேன்.

சாயங்காலம் மேவிஸ் என் நாற்காலிக்கு அருகில் வந்து உட்கார்ந்தாள். "இதெல்லாம் நடக்குறதுதான் அர்லிஸ். மனசுல வச்சுக்காத. அடுத்த தடவ தாள்ல சாலட்டுன்னே எழுதிடறேன்."

அவ்வளவுதான். சத்தமில்லாமல் சாலடைத் தாளிலிருந்து அடித்தார்கள், சத்தமில்லாமல் திருப்பி எழுதிவிடுவார்களாம். ஏழு சாவுக்கு நான் தட்டு தூக்கியதை ஊரே பார்த்தது.

"வேணாம் மேவிஸ். அந்தத் தாள்ல எம் பேர இப்ப தொடாதீங்க. அவன் வந்து சொல்லட்டும். கீழ்த்தளத்துல, ஆராதன முடிஞ்சு எல்லாரும் காபி குடிக்கிறப்ப."

"ஐயோ, அவனுக்கு எவ்வளவு அவமானமா இருக்கும்."

"ஆமா" என்றேன்.

வெர்லினிடம் நேரே போய்ச் சொன்னேன். நீ சொல்கிறாயா, அல்லது நான் மைக்கில் சொல்லட்டுமா என்று. மறு ஞாயிறு அவன் வந்தான். சட்டையை இஸ்திரி போட்டிருந்தான். காபி பாத்திரத்துக்குப் பக்கத்தில் நின்று, தரையைப் பார்த்து முணுமுணுத்தான்.

"போன செப்டம்பர்ல... அது தண்ணி. அக்கா சாலட் இல்ல."

"பின்னாடி இருக்கறவங்களுக்குக் கேக்கல வெர்லின்" என்றேன்.

இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னான். கடைசி மேஜையில் பிரிட்டா இருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"உனக்கு அப்பவே தெரியும்கறத விட்டுட்ட."

மேவிஸ் என் முழங்கையைப் பிடித்தாள். கையை உதறினேன். வெர்லின் மகளைப் பார்த்தபடி மூன்றாவது தடவை முதலிலிருந்து சொன்னான், தெரியும் என்பதையும் சேர்த்து. பாதியில் குரல் உடைந்து அழுதுவிட்டான். ஐம்பத்திரண்டு வயது ஆள், நாப்கினால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றான். ஒருத்தரும் அவன் பக்கத்தில் போகவில்லை. நானும் போகவில்லை. எனக்குப் பாவமாகவே இல்லை.