இருபத்தேழாம் நம்பர் முத்திரை

ஒன்பது வருடத்தில் ஒன்பது முறை நான் அந்த மாத்திரைக் கம்பெனியில் புதுசாக வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். பதினொன்றரை மாதம் வேலை, பதினைந்து நாள் வீடு, மறுபடி முதல் நாள். தற்காலிகம் என்றால் அப்படித்தானாம். நடுவில் அந்தப் பதினைந்து நாள் இல்லாவிட்டால், எங்களை நிரந்தரமாக்குங்கள் என்று கேட்டுவிடுவோமாம்.

ஒவ்வொரு முறை சேரும்போதும் புதியவர்களுக்கான வகுப்பில் உட்கார்ந்து, கை கழுவுவது எப்படி என்று கற்றுக்கொள்ள வேண்டும். மூன்று வருடமாக அந்த வகுப்பை எடுப்பதே நான்தான். பாடம் நடத்திவிட்டு, கற்றுக்கொண்டவர்கள் பட்டியலிலும் நானே கையெழுத்துப் போட்டுவிட்டு வருவேன். வீட்டுக்காரர் தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்கி, "என்ன, புதுசா சேர்ந்த பொண்ணு வந்தாச்சா?" என்பார். நாற்பத்து நாலு வயதுப் பொண்ணு!

என் வேலை சோதிப்பது. மெஷின் ஒட்டித் தள்ளும் மாத்திரை அட்டைகளில் ஒரு குழி காலியாக இருந்தாலும், ஒரு மாத்திரை உடைந்திருந்தாலும் பொறுக்கி எடுத்துவிட வேண்டும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற வேலை. பார்த்து முடித்த பெட்டியின் மேல் என் முத்திரையைக் குத்துவேன். நம்பர் இருபத்தேழு. பரீட்சை வைத்துத் தேறினவர்களுக்கு மட்டும்தான் நம்பர் தருவார்கள். பதினைந்து நாள் வீட்டுக்குப் போகும்போது முத்திரையை மேலாளரின் மேஜை டிராயரில் வைத்துவிட்டுப் போக வேண்டும்.

மேலாளருக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் 'நன்மை'. கேன்டீனை மூடியபோதும் அது எங்கள் நன்மைக்குத்தான் என்றார்.

இந்த வருடம் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள். சோதிப்பவர், நிரந்தரம், ஒரே ஒரு இடம். மூன்று வருடம் இடைவெளி இல்லாமல் வேலை செய்திருக்க வேண்டும். வயது நாற்பத்தைந்துக்குள் இருக்க வேண்டும். எனக்கு நாற்பத்தைந்து ஆக இரண்டே மாதம் பாக்கி.

அந்த இடத்துக்கு நான் ஏங்கினேன். சொல்வதில் வெட்கம் என்ன? வீட்டுக்காரருக்குக் கண் ஆபரேஷன் செய்தும் பார்வை மங்கிக்கொண்டே போகிறது. ஊசியில் நூல் கோக்க என்னைத்தான் கூப்பிடுகிறார். வருடா வருடம் அந்தப் பதினைந்து நாளும், திரும்பக் கூப்பிடுவார்களோ மாட்டார்களோ என்று போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க இனி எனக்குத் தெம்பில்லை.

"உங்களுக்கு நடுவுல நடுவுல இடைவெளி இருக்கேம்மா" என்றார் நன்மை.

"இடைவெளி விட்டதே நீங்கதானே சார்?"

"கோபப்படாதீங்க. அடுத்த வாரம் வெளிக் கம்பெனிக்காரங்க இருபது பேர் வர்றாங்க. தற்காலிக வேலையால தொழிலாளிக்கும் முதலாளிக்கும் என்னென்ன நன்மைன்னு நீங்க அஞ்சு நிமிஷம் பேசணும். நல்லா பேசுங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்."

என் தலையில்தான் மிளகாய் அரைக்கிறார் என்று தெரிந்தும் சரியென்றேன். ஆசை யாரை விட்டது?

கூட்டத்து நாள், என் பதினைந்து நாள் ஓய்வில் முதல் நாள். முந்தின நாளே அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டதால், வாசலில் காவலாளி 'பார்வையாளர்' என்று எழுதிய அட்டையை என் கழுத்தில் மாட்டினார். "என்னைத் திட்டாதீங்கம்மா" என்றார். அவரும் தற்காலிகம்தான்.

மேடையில் காட்டுவதற்கு, என் முத்திரை உள்ள பெட்டிகள் சிலவற்றை மாதிரி அறையிலிருந்து எடுத்துவரச் சொல்லியிருந்தார் நன்மை. ஒவ்வொரு நாளும் கட்டிய பெட்டிகளில் ஒன்றை நான்கு வருடம் அங்கே பத்திரமாக வைத்திருப்பார்கள். தேதி வாரியாகப் பார்த்துக்கொண்டே போனேன். போன வருடத்து வரிசையில் ஒரு தேதி கண்ணில் பட்டது. என் பதினைந்து நாள் ஓய்வில், வீட்டுக்காரருக்குக் கண் ஆபரேஷன் நடந்த நாள். காலையிலிருந்து ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். ஆனால் பெட்டியின் மேல் நம்பர் இருபத்தேழு இருந்தது.

அடுத்த நாள் பெட்டியிலும் இருபத்தேழு. பதினைந்து நாளும் அதேதான். அதற்கு முந்தின வருடங்களிலும் அப்படியே.

என் இடத்தில் உட்காரவைத்த புதியவர்களுக்கு நம்பர் கிடையாது. அதனால் டிராயரைத் திறந்து என் நம்பரைக் கொடுத்திருக்கிறார்கள். நான் வேண்டாமாம், என் நம்பர் மட்டும் வேண்டுமாம்! ஆபரேஷன் நாள் பெட்டியைப் பிரித்தேன். மூன்றாவது அட்டையில் ஒரு குழி காலி. இன்னொன்றில் அரை மாத்திரை. அந்த நாளில் கட்டிய மாத்திரையை வாங்கிய யாரோ ஒருவர் பெட்டியைத் திருப்பிப் பார்த்து, இருபத்தேழு யாரடா என்று திட்டியிருப்பார்.

பெட்டிகளைக் கொண்டுபோய் நன்மையின் மேஜையில் வைத்தேன். அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். முகம் வெளுத்திருந்தது. பிறகு பெட்டிகளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். மெதுவாகச் சிரிப்பு வந்தது.

"அட, இது உங்களுக்கு நல்லதாப் போச்சேம்மா! அந்த நாளெல்லாம் நீங்க இங்கதான் இருந்தீங்கன்னு ஒரு கையெழுத்துப் போடுங்க. இடைவெளியே இல்லைன்னு ஆயிடும். நிரந்தர ஆர்டரை இன்னிக்கே டைப் பண்ணிடறேன்."

பேனாவை நீட்டினார். வாங்கிக்கொண்டேன். ஆமாம், வாங்கிக்கொண்டேன். போனை மடியில் வைத்துக்கொள்ளாத ஒரு வருடம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன்.

"அப்போ இந்தக் காலிக் குழியைப் பாத்து சரின்னு சொன்னது நானா சார்?"

"அதையெல்லாம் யாரும்மா பாக்கப்போறாங்க?"

"பாக்கறதுதான் சார் என் வேலை."

பேனாவை வைத்தேன். டிராயரை நானே இழுத்து, நேற்று வைத்துவிட்டுப் போன முத்திரையை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, ஆபரேஷன் நாள் பெட்டியோடு நேரே மேடைக்குப் போனேன். அவர் பின்னாலேயே ஓடிவந்தார்.

"வணக்கம். தற்காலிக வேலையால தொழிலாளிக்கு என்ன நன்மைன்னா, வருஷா வருஷம் கை கழுவக் கத்துக்கொடுக்கறாங்க" என்றேன். சிரித்தார்கள். "முதலாளிக்கு நன்மை என்னன்னா, நான் வீட்ல இருக்கற நாள்லயும் என் பேர் இங்க வேலை செய்யுது, சம்பளமே கேக்காம."

பெட்டியிலிருந்து காலிக் குழி இருந்த மாத்திரை அட்டையை எடுத்து முன்வரிசையில் கொடுத்தேன். கைமாறிப் போனது. கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் அதை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். அவர் சிரிக்கவில்லை.

"இதைச் சோதிச்சது யாரு?" என்று கேட்டார்.

"தெரியாதுங்க. முத்திரை என்னோடது. நான் அன்னிக்கு ஆஸ்பத்திரில இருந்தேன்."

நன்மை மேடையேறி மைக்கைப் பிடுங்கினார். "இறங்குங்க! இந்த நிமிஷத்திலிருந்து உங்களுக்கு இங்க வேலை கிடையாது!" அவர் கத்தியது கூடம் முழுக்க ஒலிபெருக்கியில் கேட்டது.

கழுத்திலிருந்த அட்டையைத் தூக்கிக் காட்டினேன். "நேத்தோட முடிஞ்சுபோச்சே சார். வேலையில இல்லாதவளை எப்படித் தூக்குவீங்க? ஒன்பது வருஷத்துல எனக்குக் கிடைச்ச ஒரே நன்மை இதுதான்."

இறங்கி வந்தேன். நிரந்தரம் போயிற்று, தற்காலிகமும் போயிற்று. வாசல் வரும்வரை அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன். காவலாளி அட்டையை வாங்கிக்கொண்டு பார்வையாளர் நோட்டை நீட்டினார்.

"வந்த காரணம் எழுதாம விட்டிருக்கீங்கம்மா."

'சோதனை' என்று எழுதினேன். கையெழுத்துப் போட வேண்டிய கட்டத்தில் முத்திரையை அழுத்திக் குத்தினேன்.