ஈச்சங்கண்டிகை நிழல் ஏலம்

2022-ஆம் வருடம் ஈச்சங்கண்டிகையில் நிழல் மணிக்கு நாற்பது ரூபாய் விற்றது. புளியமர நிழல் கெட்டி என்பதால் ஐம்பது. முருங்கை நிழலில் ஓட்டை அதிகம், பதினைந்துக்கே தள்ளிவிட்டார்கள். பிச்சாட்டூருக்குத் தெற்கே நாலு கிலோமீட்டரில் இருக்கிற இந்த ஊரில் பங்குனி மாதம் பஞ்சாயத்து ஏலம் விடுவது வழக்கம்: ஏரி மீன், புளியங்காய், கருவேல விறகு. ஏலத்துக்கென்று ஒரு நாகரிகம் உண்டு. யார் எடுப்பது என்று முதல் நாளே முடிவாகிவிடும். மற்றவர்கள் வாயைத் திறக்காமல் இருப்பதற்கு ‘குட்வில்’ வாங்கிக்கொள்வார்கள், தலைக்கு இருநூறு ரூபாயும் ஒரு பிரியாணிப் பொட்டலமும். அந்த வருடம் பட்டியலில் விறகுக்குக் கீழே நாலாவதாக ‘நிழல்’ என்று ஒரு வரி இருந்தது. பட்டியலைப் படிக்கக்கூடியவர்கள் பலர் இருந்தார்கள். எல்லோரும் பொட்டலத்தில் முட்டை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். காண்ட்ராக்டர் சிட்டிபாபு பதினோராயிரத்துக்குக் கேட்டார். எதிர்க்கேள்வி இல்லை. பஞ்சாயத்துத் தலைவரான சர்பஞ்சு மூன்றாவது தரம் சொல்லி வாய் மூடுவதற்குள், ஊரிலிருந்த நிழல்களெல்லாம் மரத்தடியை விட்டு எழுந்து, நனைந்த கோணிகள் போலச் சாலையில் இழுபட்டுப் போய் சிட்டிபாபுவின் காம்பவுண்டுக்குள் நுழைந்தன. ஒரு நாய் மட்டும் கொஞ்ச தூரம் துரத்திப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தது.

பஸ் நிறுத்தத்துப் புங்கமரத்தடியில் பூக்கடை வைத்திருந்த யசோதாவுக்கும் இருநூறும் பொட்டலமும் கிடைத்தன. மறுநாள் பத்து மணிக்குத்தான் அவளுக்கு விஷயம் உறைத்தது. மரம் இருந்தது, இலை இருந்தது, கீழே சுள்ளென்று வெயில் இருந்தது. சத்தியவேட்டு மண்டியில் கடன் சொல்லி, முதல் பஸ்ஸில் கொண்டுவந்த ஐந்து கிலோ மல்லி, பதினொரு மணிக்குள் காப்பித்தூள் நிறத்துக்குப் போய்விட்டது. குடையை விரித்தாள். குடையின் நிழல் தரையில் விழுந்ததும் எழுந்து, அவளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சிட்டிபாபு வீட்டுப் பக்கம் நடந்தது. இரண்டாவது நாளும் பூ கருகியது. மூன்றாவது நாளும் கருகினால் மண்டிக்காரன் கடனை நிறுத்துவான். கடன் நின்றால் கடை நிற்கும். அந்தக் கடையைத் தவிர யசோதாவுக்கு வேறு பிழைப்பு கிடையாது.

சிட்டிபாபுவைப் பார்க்க அவள் கிளம்பியபோது, பக்கத்துத் தொழிற்பேட்டையில் செல்போன் பாகங்களை மாட்டும் வேலை பார்க்கிற மகள் தரணி ஷிப்ட் முடித்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

“நெயலு நம்முளுதும்மா. திருப்பிக் குடுன்னு கேளு.”

“போடி. சும்மா குடுத்தா எவன் நல்லதா குடுப்பான்? வெலை பேசுனாத்தான் பொருளுக்கு மருவாதி.”

யசோதா பேரத்தில் பேர்போனவள். புத்தூர் சந்தையில் அவளைக் கண்டாலே வெங்காயக்காரர்கள் தார்ப்பாயை இழுத்து மூடுவார்கள். எனவே ஊரே வேடிக்கை பார்க்க அவள் பின்னால் வந்தது.

“யசோதக்கா, நாப்பது. பைசா கொறையாது. ஏலத்துல எடுத்து கீறேன்,” என்றார் சிட்டிபாபு.

“இன்னா அண்ணா, பொங்க மரத்து நெயலு! உச்சி வேளையில சுருங்கி முறத்தளவு ஆயிப்பூடுது, அதுக்கு நாப்பதா? இருவது.”

“முறத்துல நீ குந்தினுகீறயா, பூவு குந்தினுகீதா? முப்பத்தஞ்சி.”

அவள் மூன்று முறை எழுந்து போனாள், மூன்று முறையும் அவர் கூப்பிட்டார். கடைசியில் முப்பதுக்குப் படிந்தது. ஞாயிற்றுக்கிழமை அரை மணி கொசுறு. கூட்டம் கைதட்டியது, யாரோ ஒரு சரம் பட்டாசு கொளுத்தினார்கள். கொசுறு கிடைத்த இடத்தில் அநியாயம் நடந்ததாக ஈச்சங்கண்டிகையில் ஒருவரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

அதற்கப்புறம் வருடங்கள் சுலபமாகப் போயின. 2023-இல் வெயில் நாற்பத்தைந்து டிகிரியைத் தொட்டது, நிழலும் நாற்பத்தைந்து ரூபாயைத் தொட்டது. இரண்டும் ஒத்துப்போவதைப் பார்த்து, கணக்கு நியாயமாகத்தான் இருக்கிறது என்று டீக்கடையில் முடிவு செய்தார்கள். ஏரி வறண்டு வெடித்தது. அதில் கிரிக்கெட் ஆடலாம் என்று இளவட்டங்கள் சந்தோஷப்பட்டார்கள். வயல்வேலையில் நாலு பேர் சுருண்டு விழுந்தபோது, வயசாகிவிட்டது என்றார்கள். அதில் ஒருத்திக்கு இருபத்தாறு வயது. 2024 தேர்தலில் ஒரு தரப்பு ஏழைகளின் வெள்ளை ரேஷன் கார்டுக்குத் தினம் அரை மணி நிழல் இலவசம் என்றது, மறு தரப்பு முப்பத்தைந்து நிமிடம் என்றது. அந்த ஐந்து நிமிடத்துக்காக அண்ணன் தம்பிகள் பேச்சுவார்த்தையை நிறுத்தினார்கள். ஓட்டுக்கு ஆளுக்கொரு குடையும் வந்தது, நிழல் தனி. தரணி மட்டும் ஒரு திங்கட்கிழமை சம்பளத்தை விட்டுவிட்டுத் திருப்பதி கலெக்டர் ஆபீசுக்குப் போய் மனுக் கொடுத்தாள். மனு வாங்கியவர் நிழல் ரசீதுகளைக் கேட்டு வாங்கி ஒவ்வொன்றாகப் புரட்டினார். “நாற்பதை முப்பதாக்கியிருக்கிறீர்களே, கெட்டிக்காரர்கள்தான்,” என்று மனசாரப் பாராட்டி, ‘திருப்தியாகத் தீர்க்கப்பட்டது’ என்று முத்திரை குத்தினார்.

சிட்டிபாபுவின் வீட்டில் இதற்குள் நிழல் ஏழு அடுக்குக்குக் குவிந்துவிட்டது. சித்திரை மாத மத்தியானத்தில் அங்கே டார்ச் அடித்துக்கொண்டுதான் சோற்றைத் தேட வேண்டியிருந்தது. டிவியின் மேல் காளான் பூத்தது. சேவல் இரண்டு வருடமாகக் கூவவில்லை. விடியட்டும் என்று காத்திருந்தது. 2023 தீபாவளிக்குத் துவைத்த பட்டுப்புடவை இன்னும் கொடியில் சொட்டிக்கொண்டிருந்தது. சிட்டிபாபுவின் மனைவி ஹரிதாவுக்கு எலும்பு எலும்பாக வலித்தது. சித்தூர் டாக்டர் சீட்டில் மருந்தே எழுதவில்லை. காலையில் கொஞ்சம் வெயில், மாலையில் கொஞ்சம் வெயில் என்று எழுதினார். ஆனால் அவள் கேட்டைத் தாண்டிய இடமெல்லாம், ஏலம் எடுத்தவரின் சம்சாரம் என்ற மரியாதையில், ஒரு பங்கு நிழல் ஈரப் பாவாடை போலக் கூடவே ஒட்டிக்கொண்டு வந்தது.

2025 வைகாசியில் நிழல் மணிக்குத் தொண்ணூறு ஆனது. பத்திலிருந்து நாலு மணிவரை ஆறு மணி நேரம், நாளைக்கு ஐந்நூற்று நாற்பது; பூ விற்று அதைக் கட்ட யசோதாவால் முடியவில்லை. கடையைக் காலி செய்ய அவள் கூடைகளை அடுக்கிக்கொண்டிருந்த அன்றுதான் ஹரிதா வந்தாள், குரங்குக் குல்லாயும் ஸ்வெட்டரும் போட்டுக்கொண்டு, தன்னைச் சுற்றி ஒரு வட்ட இருட்டோடு.

“அக்கா, கொஞ்சம் வெயிலு ஓணும். இங்கதான் கொட்டிக் கெடக்குதே.”

விடுப்பில் இருந்த தரணி துள்ளி எழுந்தாள். “இப்ப கேளும்மா! ஊரு நெயல திருப்பி உட்டா வெயிலுன்னு சொல்லு. இத்த உட்டா சான்ஸே கெடையாது!”

யசோதா ஒரு நிமிடம் கூடை அடுக்குவதை நிறுத்தினாள். மூன்று வருடத்து நிழல் முழுவதும் அந்த ஒரு நிமிடத்தின் நுனியில் தொங்கியது. பிறகு அவள் கண் சுருங்கியது. புத்தூர் வெங்காயக்காரர்களுக்கு அந்தப் பார்வை தெரியும்.

“எத்தினி தூக்கு ஓணும் ஹரிதாம்மா?”

தரணி தலையில் கை வைத்து உட்கார்ந்தாள். ஹரிதாவும் லேசுப்பட்டவள் அல்ல, அவளுடைய நைனா நகரியில் துணிக்கடை வைத்திருந்தவர். தூக்கு முந்நூறு என்று யசோதா ஆரம்பித்தாள். இளவெயில், காலையில் பறித்தது, வாடாதது என்றாள். இது பழைய வெயில், மண் வாசம் அடிக்கிறது, இருநூற்று ஐம்பது என்றாள் ஹரிதா. இருநூற்று எழுபதுக்குப் படிந்தது. காலைக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று என்று தினம் இரண்டு எவர்சில்வர் தூக்கு நிறைய வெயில். மூடியில் கொஞ்சம் உச்சி வெயில் கொசுறு, வற்றல் காயவைக்க.

ஒரு வாரத்துக்குள் ஹரிதா கையை வீசி நடந்தாள். அவளுடைய உறவுக்காரர்களும் பாகாலாவிலிருந்து தூக்கோடு வர, ஊரில் எல்லோரும் வெயில் விற்கத் தொடங்கினார்கள். கடவுள் நம் ஊருக்குக் கொடுத்த வளம் என்று சர்பஞ்சு மைக்கில் பேசினார். வருகிற வருடம் இன்னும் இரண்டு டிகிரி ஏறினால் நல்லது என்று பலர் திருப்பதி மலைக்கு வேண்டிக்கொண்டார்கள். யசோதாவின் கடை நிலைத்தது, பூ கருகவில்லை, மண்டிக்காரன் சிரித்த முகத்தோடு கடன் கொடுத்தான்.

வெயில் விற்ற முதல் நாள் கணக்கைத் தரணிதான் நோட்டில் எழுதினாள். எழுதிவிட்டு, “இதுல நமக்கு இன்னாம்மா மிச்சம்?” என்றாள்.

“வேவாரம் நடக்குதில்ல? எழுதுடி.”

வெயில் விற்ற வரவு, இரண்டு தூக்கு: ரூ. 540.
நிழல் வாங்கிய செலவு, ஆறு மணி நேரம்: ரூ. 540.
வரவுக்கும் செலவுக்கும் சரி.
இரண்டு பக்கமும் பஞ்சாயத்துக் கமிஷன், நூற்றுக்கு ஐந்து: ரூ. 54, பாக்கி.