பதினோரு தட்டுச் சாப்பாடு

கோச் ஸ்ட்ரிக்லண்ட் வெர்டெல் டோலிவரின் வீட்டுக்கு வந்தபோது இரண்டு தட்டு சாப்பிட்டார். பன்றிக் கழுத்தெலும்புக் குழம்பு, பட்டர் பீன்ஸ், சோள ரொட்டி. அதற்குமேல் கேக்கும் கேட்டு வாங்கினார். ஜனவரி மாதம். அதற்குள் அந்த வீட்டுச் சோபாவில் தங்கள் அணிக்கு ஆட்டக்காரர்களைத் தேடும் பதினான்கு கல்லூரிகளின் ஆட்கள் உட்கார்ந்துவிட்டுப் போயிருந்தார்கள். ஒருவன் அவள் மகன் ஜார்விஸை எழுந்து நிற்கச் சொல்லி, இரு கைகளையும் விரிக்கவைத்து, டேப்பால் அளந்துகொண்டான். இன்னொருவன், "இவங்க அப்பா எவ்வளவு உயரம் இருப்பார்?" என்று கேட்டான். அப்பா போய்ச் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது என்று வெர்டெல் சொன்னதும், "அடடா" என்று சொல்லிவிட்டு, "உயரம் மட்டும் சொல்லுங்களேன்" என்றான். பையன் இன்னும் வளர்வானா என்று தெரிய வேண்டுமாம்.

அவர்களோடு ஒப்பிட்டால் ஸ்ட்ரிக்லண்ட் தேவலை என்று வெர்டெலுக்குப் பட்டது. பக்கத்து மாநிலத்தின் பெரிய பல்கலைக்கழகத்தில் அமெரிக்கக் கால்பந்து அணிக்குத் தலைமைக் கோச். டேப் எதுவும் கொண்டுவரவில்லை. சாப்பாட்டுக்கு முன் கண்ணை மூடி ஜெபம் செய்தார்.

"இவன் இனிமே என் பையன், மிஸ் வெர்டெல். என் சொந்தப் பிள்ளை மாதிரி பாத்துக்குவேன்."

வெர்டெலின் தம்பி கிளியோஃபஸ் மர அறுப்பு ஆலையில் வேலை செய்பவன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டான். "தப்பா எடுத்துக்காதீங்க கோச். உங்க சொந்தப் பிள்ளை உங்களுக்கு வேலை செஞ்சா சம்பளம் குடுப்பீங்கதானே?"

ஸ்ட்ரிக்லண்ட் சிரித்தார். "இவனுக்குக் கிடைக்கப்போறது இலவசப் படிப்பு. அதுக்கு யாராலயும் விலை போட முடியாது. இந்த வயசுல பசங்க கையில காசைக் குடுத்தா ஆட்டமே கெட்டுப்போயிடும்."

"உங்க கையில குடுத்தா மட்டும் கெடலையே. வருஷத்துக்கு இருபத்தாறு லட்சம் டாலர்னு பேப்பர்ல போட்டிருந்தான்."

வெர்டெல் மேஜைக்கடியில் தம்பியின் காலை மிதித்தாள்.

ஜார்விஸ் அதுவரை பேசவே இல்லை. ஆறடி ஐந்தங்குல உடம்பை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "நான் மாட்டு டாக்டருக்குப் படிக்கணும் கோச்," என்றான். பள்ளி விடுமுறைகளில் ஊர்க் கால்நடை மருத்துவரின் வண்டியில் ஏறிக்கொண்டு பண்ணை பண்ணையாகச் சுற்றியவன். கன்று தலைகீழாக வந்தால் எப்படித் திருப்புவது என்று அவனுக்குத் தெரியும்.

"அதுக்கு எங்களை விட்டா வேற இடமே கிடையாது," என்றார் ஸ்ட்ரிக்லண்ட்.

பிப்ரவரியில் ஜார்விஸ் அவர் அணியில் சேரக் கையெழுத்துப் போட்டான். ஆகஸ்டில் போனான். முதல் வருடமே சோதனைக்கூட வகுப்பும் பயிற்சி நேரமும் ஒன்றாக வந்து மோதின. ஆட்டக்காரர்களின் படிப்பைக் கவனிப்பதற்கென்றே இருந்த ஓர் அம்மாள் அவனை வேறு பாடத்துக்கு மாற்றிவிட்டாள்.

"பொழுதுபோக்கு நிர்வாகம்னு பேரும்மா," என்றான் தொலைபேசியில்.

"அது என்ன படிப்புடா?"

"பார்க்கு எப்படி நடத்தறதுன்னு சொல்லித் தர்றாங்க."

"பார்க்கை எதுக்குடா நடத்தணும்? அது பாட்டுக்குக் கிடக்கும்."

அவன் சிரிக்கவில்லை. வெர்டெல் ஸ்ட்ரிக்லண்டுக்கு நான்கு முறை போன் போட்டாள். நான்கு முறையும் வேறு யாரோ எடுத்து, கோச் கூட்டத்தில் இருப்பதாகச் சொன்னார்கள். வீட்டுக்கு வருவதற்கு முந்தைய மாதங்களில் அதே மனிதர் வாரம் இரண்டு தடவை தானே கூப்பிட்டு, அவளுடைய முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மூன்றாம் வருடத்தில் ஜார்விஸ் பெயர் பெற்றான். எதிரணியில் பந்தை வீசுபவனைத் துரத்தி மடக்கி மண்ணில் சாய்ப்பது அவன் வேலை. தொலைக்காட்சியில் அவன் பெயரை நீட்டி முழக்கிச் சொன்னார்கள். வெர்டெல் பள்ளிப் பேருந்து ஓட்டுபவள். அவள் வண்டியில் ஏறும் பிள்ளைகள்கூட அவனைப் பற்றிக் கேட்டார்கள். ஒரு வெள்ளிக்கிழமை மாலைச் சுற்றை முடித்துவிட்டு, கிளியோஃபஸைக் கூட்டிக்கொண்டு ஐந்து மணி நேரம் கார் ஓட்டிப் போனாள்.

மறுநாள் மைதானத்துக்கு வெளியே கடைகடையாகத் தொண்ணூற்றொன்று எண் போட்ட சட்டை தொங்கியது. ஜார்விஸின் எண். ஒன்று எண்பது டாலர். முதுகில் பெயர் மட்டும் இல்லை.

"இது யாரோட நம்பர் தம்பி?" என்று கடைக்காரனைக் கேட்டாள்.

"யாரோடதும் இல்லைங்கம்மா. வெறும் நம்பர்தான்."

"யாரோடதும் இல்லைன்னா எதுக்கு எல்லாரும் இதையே வாங்கறாங்க?"

அவன் குரலைத் தாழ்த்தினான். "பேரைச் சொல்லக் கூடாதுன்னு உத்தரவும்மா. சொன்னா அவனுக்குப் பங்கு குடுக்கணும்னு ஆயிடுமாம்."

அவளைச் சுற்றி அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு நூற்றுக்கணக்கான பேர் பீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். தொப்பை பெருத்த ஒருவன் சட்டையிலேயே வாயைத் துடைத்துக்கொண்டான். வெர்டெல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஆட்டம் முடிந்து ஜார்விஸ் காருக்கு வந்தபோது, கிளியோஃபஸ் வாங்கி வைத்திருந்த மூன்று பர்கர்களையும் பேசாமல் தின்று முடித்தான். கன்னம் ஒட்டியிருந்தது.

"ஏன்டா, அங்க சாப்பாடு போடறதில்லையா?"

"போடறாங்கம்மா. ஞாயிறு சாயங்காலம் மட்டும் மெஸ் மூடிடுவாங்க. வேலைக்குப் போகவும் நேரம் கிடையாது. இப்ப பரவாயில்ல, மிஸ் இமோஜீன் இருக்காங்க."

அப்போதுதான் வெர்டெல் அந்தப் பெயரைக் கேட்டாள். இமோஜீன் ஃபஸல் அறுபதைத் தாண்டிய விதவை. மாணவர் விடுதிக்கு எதிரே காசு போட்டுத் துணி துவைக்கும் கடை வைத்திருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்தப் பெரிய உடம்புக்காரன் உள்ளங்கையில் சில்லறையை வைத்துக்கொண்டு, துணியைப் போடுவதா, மிட்டாய் மிஷினில் போட்டு வேர்க்கடலை எடுப்பதா என்று நின்றதைப் பார்த்திருக்கிறாள். "துணி கிடக்கட்டும், வா," என்று பின்னறைக்குக் கூட்டிப்போய்ச் சோறும் கோழியும் போட்டிருக்கிறாள். அன்று முதல் ஞாயிறுதோறும் அவனுக்கு அங்கே ஒரு தட்டு. பிறகு அக்டோபரில் வெர்டெலுக்குப் பித்தப்பை அறுவை சிகிச்சை நடந்தபோது ஜார்விஸ் ஊருக்கு வந்த பஸ் டிக்கெட்டும் இமோஜீன் எடுத்துக் கொடுத்ததுதான்.

யாரோ ஒருவன் போட்டோ எடுத்துவிட்டான். எதிரணி ரசிகனாக இருக்கும். கடையின் பின்கதவுக்குள் ஜார்விஸ் தட்டில் குனிந்திருக்கிற படம் இணையத்தில் வந்தது. ஆட்டக்காரன் வெளியாளிடம் எதையும் இலவசமாக வாங்கக் கூடாது என்பது விதி. மறுநாளே அவனை ஆட்டத்திலிருந்து நிறுத்தினார்கள். விசாரணைக்கு வரும்படி வெர்டெலுக்கும் கடிதம் வந்தது.

நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை. நீளமான மேஜை, சுவர் முழுக்க வெற்றிக் கோப்பைகள். விதிகளைக் கவனிக்கும் அலுவலகத்தைச் சேர்ந்த விட்லி என்ற இளைஞன் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு மரியாதையாகத்தான் பேசினான். மேஜையின் கோடியில் ஸ்ட்ரிக்லண்ட் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, ஜார்விஸ் இங்க சேர்றதுக்கு முன்னாடியே உங்களுக்கு இந்த இமோஜீன் ஃபஸலைத் தெரியுமா?"

"தெரியாது."

"முன்னாடியே பழக்கம்னா தப்பில்ல. அதுக்குத்தான் கேக்கறேன்."

"அப்ப நான் பொய் சொன்னா என் பையன் நல்லவனாயிடுவான். அப்படித்தானே தம்பி?"

விட்லி இருமிக்கொண்டான். ஜார்விஸ் பக்கம் திரும்பினான். "மொத்தம் எத்தனை தட்டு?"

"பதினொண்ணு இருக்கும் சார்."

"கறி இருந்துதா?"

"இருந்துது."

"எல்லா வாரமுமா?"

ஜார்விஸ் யோசித்தான். "ஒரு வாரம் வெறும் பீன்ஸ்."

விட்லி அதைத் தட்டெழுதினான். கறி இல்லாத தட்டுக்கு விலை குறைத்துப் போட வேண்டும் என்று விளக்கினான். பையனுக்கு நன்மை செய்வதாக நினைத்துத்தான் சொன்னான்.

பத்தொன்பது வருடமாகப் பேருந்தில் பிள்ளைகள் எடுக்கும் வாந்தியை மரத்தூள் போட்டு வாரித் தள்ளியிருக்கிறாள் வெர்டெல். ஒருநாளும் அவளுக்குக் குமட்டியதில்லை. இப்போது குமட்டியது. எதிரே இருந்த தண்ணீர்க் குவளையை எடுத்தாள். அதில் பல்கலைக்கழகத்தின் சின்னம் பொறித்திருந்ததைப் பார்த்து, குடிக்காமல் வைத்துவிட்டாள்.

"கோச்," என்றாள். ஸ்ட்ரிக்லண்ட் தலைநிமிர்ந்தார். "நீங்க எங்க வீட்ல ரெண்டு தட்டு சாப்டீங்க. ரெண்டுலயும் கறி இருந்துது. அதையும் இந்தத் தம்பியை எழுதிக்கச் சொல்லுங்க."

"மிஸ் வெர்டெல், விதியை நான் எழுதல. என் கையைக் கட்டிப் போட்டிருக்காங்க."

"கட்டிப் போட்ட கையிலதான் போன் வெச்சிருக்கீங்களா?"

அவர் போனைக் கவிழ்த்து வைத்தார். அவர் கழுத்து சிவந்ததில் அவளுக்குக் கொஞ்சம் திருப்தி. அந்தத் திருப்தி நீடிக்கவில்லை.

முடிவைச் சொன்னார்கள். மூன்று ஆட்டம் உட்கார வேண்டும். சாப்பாட்டுக்கும் டிக்கெட்டுக்கும் சேர்த்து இருநூற்றுச் சொச்சம் டாலரை ஏதாவது தர்ம ஸ்தாபனத்துக்குக் கட்ட வேண்டும். ஏழைகளுக்குச் சாப்பாடு போடும் ஓர் அமைப்பு ஊரிலேயே இருப்பதாக விட்லி யோசனை சொன்னான். சிரிக்காமல்தான் சொன்னான். கடைசியாக ஒரு கடிதம். இமோஜீன் ஃபஸல் தன் ஆட்டத் தகுதிக்குக் கேடு விளைவித்த நபர் என்றும், இனி அவளுடன் எந்தத் தொடர்பும் வைத்துக்கொள்ள மாட்டேன் என்றும் ஜார்விஸ் கையெழுத்திட வேண்டும். அதன் நகல் அவளுக்கும் போகும்.

ஜார்விஸ் எழுந்து வராந்தாவுக்கு வந்துவிட்டான். வெர்டெல் பின்னாலேயே போனாள்.

"காசு வேணா எப்படியாவது கட்டறேம்மா. இதுல கையெழுத்துப் போட மாட்டேன். அவங்க என்னைப் பட்டினி கிடக்க விடல."

"தெரியும்டா."

"கேடுன்னு எழுதியிருக்காம்மா."

வெர்டெல் அவனை அண்ணாந்து பார்த்தாள். இன்னும் ஒன்றரை வருடம் பாக்கி இருந்தது. கையெழுத்துப் போடாமல் ஸ்காலர்ஷிப் போனால் அவள் சம்பளத்தில் ஒரு பருவத்துக்குக்கூடக் கட்ட முடியாது.

"போடு," என்றாள்.

அவன் அசையவில்லை.

"போடுன்னு சொல்றேன்ல. சர்டிபிகேட் கைக்கு வரட்டும். அப்புறம் நேர்ல போய் அந்தம்மா கையைப் பிடிச்சுக்கலாம்."

ஓடும் வண்டியில் எழுந்து நிற்கும் பிள்ளையை உட்காரச் சொல்வாளே, அதே குரலில்தான் சொன்னாள். ஜார்விஸ் உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டான். திரும்பும் வழியில் அவள் பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்தி முகத்தைக் கழுவிக்கொண்டாள். ஸ்ட்ரிக்லண்டையும் விட்லியையும் வாய்க்கு வந்தபடி திட்டிப் பார்த்தாள். ஆனால் போடு என்று சொன்னது அவர்கள் இல்லை.

மூன்று ஆட்டம் கழித்து ஜார்விஸ் திரும்பவும் இறங்கினான். தொண்ணூறாயிரம் பேர் எழுந்து நின்று அவன் பெயரைக் கத்தினார்கள். வெர்டெல் பாதியிலேயே தொலைக்காட்சியை அணைத்துவிட்டுத் துணி மடிக்கப் போனாள்.

டிசம்பரில் ஸ்ட்ரிக்லண்ட் போய்விட்டார். இன்னொரு பல்கலைக்கழகம், வருடத்துக்கு நாற்பது லட்சம். ஆட்டக்காரர்கள் அதை மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டே தொலைக்காட்சியில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள். அவர் மறுநாளே அங்கே வேலையில் சேர்ந்தார். ஆட்டக்காரன் அப்படி மாறினால் ஒரு வருடம் ஆடாமல் உட்கார வேண்டும். புதிய கோச் ஜார்விஸைக் கூப்பிட்டு, இன்னும் இருபது பவுண்டு எடை ஏற்றச் சொன்னார். மாட்டு வைத்தியப் பாடத்துக்குத் திரும்ப முடியுமா என்று அவன் கேட்டதற்கு, "எதுக்கு?" என்று கேட்டார். உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார்.

மே மாதம் ஜார்விஸ் விலகிவிட்டான்.

கிளியோஃபஸ் தலையில் கை வைத்துக்கொண்டான். "பைத்தியமாடா உனக்கு? இன்னும் ஒரு வருஷம் பல்லைக் கடிச்சுக்கிட்டு ஆடினா, சம்பளம் குடுக்கற டீம்ல எடுத்துப்பான். கோடிக்கணக்குல வரும்டா."

"அவங்களுக்காக இன்னும் ஒரு நாள்கூட ஆட முடியாது மாமா. அந்தச் சட்டையைத் தலைக்கு மேல மாட்டும்போதே குமட்டுது."

வெர்டெல் இந்தத் தடவை எதுவும் சொல்லவில்லை. ஊருக்கு நாற்பது மைலில் ஒரு சிறிய கல்லூரி இருந்தது. அங்கே கால்நடைப் பாடம் உண்டு. கடன் வாங்கிச் சேரலாம். சனிக்கிழமைகளில் மாட்டுச் சந்தையில் வேலைக்கு ஆள் எடுத்தார்கள்.

அறையைக் காலி செய்ய அவள்தான் கார் எடுத்துப் போனாள். தலைக்கவசம் முதல் காலுறை வரை எல்லாவற்றையும் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். மிச்சத் துணி இரண்டு கறுப்புக் குப்பைப் பைகளில் அடங்கிவிட்டது. "அழுக்குத் துணிம்மா. எதிர்ல போட்டு எடுத்துட்டுப் போயிடலாம்," என்றான் ஜார்விஸ். அவன் எதற்காகச் சொல்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது.

இமோஜீன் கவுண்டருக்குப் பின்னால் போர்வைகளை மடித்துக்கொண்டிருந்தாள். ஒல்லியான, நிமிர்ந்த பெண்மணி. அவனைப் பார்த்தும் கை நிற்கவில்லை.

"உங்கிட்ட பேசக் கூடாதுன்னு எனக்கும் ஒரு லெட்டர் வந்துது. ஆயுசுக்கும் நான் மைதானத்துல கால் வைக்கக் கூடாதாம். நான் எந்தக் காலத்துல போனேன்? சத்தம் மட்டும்தான் கேட்டிருக்கேன்."

"நான் விலகிட்டேன் மிஸ் இமோஜீன். இனிமே பேசலாம்."

"உன் கையெழுத்து அதுல இருந்துது. நல்லா, தெளிவா இருந்துது."

"மன்னிச்சிடுங்க."

"நான்தான் போடச் சொன்னேன்," என்றாள் வெர்டெல்.

இமோஜீன் அப்போதுதான் அவளைப் பார்த்தாள். "நீதான் அம்மாவா. எனக்கு ஒரு பையன் இருந்து, அவனுக்கு அப்படி ஒரு பேப்பரை நீட்டியிருந்தா, நானும் போடுன்னுதான் சொல்லியிருப்பேன்." போர்வையை அடுக்கின்மேல் வைத்தாள். "சொல்லிட்டு, அந்தப் பொம்பளை கடைக்கு வந்து நின்னிருக்க மாட்டேன்."

ஒரு மிஷின் நீரை வெளியேற்றி நின்றது.

"நாலாம் நம்பர் காலியா இருக்கு," என்றாள் இமோஜீன். "ரெண்டு டாலர். சில்லறை மிஷின் கதவுகிட்ட இருக்கு."

வெர்டெல் கால் டாலர் நாணயங்கள் எட்டை ஒவ்வொன்றாகப் போட்டாள். துணி சுற்றி முடியும்வரை இருவரும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இமோஜீன் பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் வெங்காயம் வதங்கும் வாசனை வந்தது. பிறகு தட்டில் கரண்டி உரசும் சத்தம். ஜார்விஸ் கைகளைத் தொடைகளுக்கிடையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தான்.

காரில் ஊர் எல்லையைத் தாண்டிய பிறகு, "கூப்பிடுவாங்கன்னு நினைச்சேம்மா," என்றான்.

"எதுக்குடா கூப்பிடணும்?" என்றாள் வெர்டெல். நெடுஞ்சாலையில் ஏறுவதற்காக ஓரத்துக் கண்ணாடியைப் பார்த்து வண்டியைத் திருப்பினாள்.