பூத்துக்கு ஆள் வேண்டும்

செஞ்சியில் எங்கள் கட்சிக்கு இரண்டு அலுவலகம். திண்டிவனம் சாலையில் ஒன்று, அதற்கு நேர் எதிரே இன்னொன்று. இரண்டிலும் அதே கொடி, அகில இந்தியத் தலைவரின் அதே சிரிப்பு. இந்தப் பக்கம் மாவட்டத் தலைவர் ஜெயராமன். அந்தப் பக்கம் முன்னாள் எம்.எல்.ஏ. காஸ்பர். நடுச்சாலையில் நான். பெயர் கலைமதி, தொழில் வழக்கறிஞர், இந்த நாடாளுமன்றத் தேர்தலில் கட்சியின் வேட்பாளர். இருவருக்கும் பொதுவாக ஓர் ஆள் வேண்டும் என்று டெல்லி என்னைப் பிடித்துப் போட்டது. பொதுவான ஆள் என்றால் இருவருக்குமே வேண்டாத ஆள் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.

எனக்கு அவர்களிடம் வேண்டியது ஒன்றே ஒன்றுதான். பூத்துக்கு ஆள். வாக்குப்பதிவு அன்று ஒவ்வொரு வாக்குச்சாவடிக்குள்ளும் வேட்பாளர் சார்பில் ஒருவர் உட்கார வேண்டும். வருகிறவர் ஊர்க்காரர்தானா, ஒருவர் பெயரில் இன்னொருவர் ஓட்டுப் போடுகிறாரா என்று பார்ப்பவர் அவர். உள்ளே நம் ஆள் இல்லையென்றால் காலையிலேயே ஊருக்குத் தெரிந்துவிடும், இந்தக் கட்சி கடையை மூடிவிட்டது என்று. தொகுதியின் மற்றப் பகுதிகளில் ஆள் கிடைத்துவிட்டது. செஞ்சி, வல்லம், அவலூர்பேட்டை, தொண்டூர் பக்கம் மட்டும் ஒரு பெயர்கூட வரவில்லை.

"ஆளுக்கு இன்னாம்மா பஞ்சம்?" என்பார் ஜெயராமன். "நான் ஒரு போன் போட்டா வந்து நிப்பானுங்க. ஆனா காஸ்பர் ஆளு ஒருத்தன் லிஸ்ட்ல இருந்தாலும் எங்க ஆளு ஒருத்தனும் வர மாட்டான்."

சாலையைத் தாண்டிப் போவேன்.

"ஜெயராமன் இன்னா சொன்னாரு?" என்பார் காஸ்பர்.

"நீங்க ஆள் போட்டா அவரு போட மாட்டாராம் அண்ணே."

"பாத்தியா! அதையேதான் நான் சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள முந்திக்கினாரு."

சண்டை எதில் தொடங்கியது என்று இருவருக்குமே சரியாக நினைவில்லை. ஒருவர் கொடிக்கம்பத்தில் என்கிறார், மற்றவர் கல்யாண வீட்டில் என்கிறார். ஆறு வருடமாக இருவரும் ஒரே காரில் ஏறியதில்லை. ஆனால் ஊருக்குள் நுழைந்தால் நிலைமை வேறு. தேநீர்க் கடையில், நெல் களத்தில், பேருந்தில், "டெல்லியில உங்க ஆளு வந்தா நல்லா இருக்கும்மா" என்று முகம் தெரியாதவர்கள் சொல்கிறார்கள். சொல்லிவிட்டு உடனே, "ஆனா இங்க நீங்க அடிச்சிக்கினே இருக்கீங்களே" என்றும் சொல்கிறார்கள். சிரித்து வைப்பேன். ராத்திரி படுத்தால் அந்தச் சிரிப்பை நினைத்து எனக்கே எரிச்சலாக இருக்கும்.

இந்த நிலைமையில் அகில இந்தியத் தலைவர் செஞ்சிக்கு வருகிறார் என்று செய்தி வந்தது. சாயங்காலம் நான்கு மணிக்குப் பொதுக்கூட்டம். எனக்கு உயிர் வந்தது. அவர் முன்னால் இருவரையும் ஒரே மேடையில் ஏற்றிவிட்டால், அவர் வாயாலேயே பூத்துக்கு ஆள் போடச் சொல்ல வைத்துவிடலாம்.

முதல் சண்டை நோட்டீஸில் வந்தது. எங்கள் கூட்டங்களில் ஒரு வழக்கம் உண்டு. நோட்டீஸில் 'தலைமை' என்று யார் பெயர் இருக்கிறதோ அவர் கூட்டம் சேர்க்க வேண்டும். வண்டி அவருடையது, ஆள் அவருடையது, சாப்பாடும் அவருடையது. 'முன்னிலை' என்று போட்டால் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தால் போதும். தலைமை எனக்குத்தான் என்று இருவரும் நின்றார்கள். முன்னிலைக்கு யாரும் இறங்கி வரவில்லை. நான் ரொம்பப் புத்திசாலித்தனமாக ஒரு காரியம் செய்தேன். தலைமை என்று போட்டு இருவர் பெயரையும் ஒரே வரியில் அடித்தேன். பாதி நோட்டீஸில் ஜெயராமன் இடப்பக்கம், மீதிப் பாதியில் காஸ்பர் இடப்பக்கம். இருவரும் நோட்டீஸை வாங்கிப் பார்த்துத் தலையாட்டினார்கள். நீதிமன்றத்தில்கூட நான் அவ்வளவு பெருமையாக வெளியே வந்ததில்லை.

கூட்டத்தன்று மூன்று மணிக்கு மைதானத்துக்குப் போனேன். கோட்டை மலையில் பாறை சூடேறி அனல் ஊருக்குள் அடித்துக்கொண்டிருந்தது. பெரிய பந்தல், வரிசை வரிசையாக நாற்காலி. முன்னால் சில பெண்களும் இரண்டு கல்லூரிப் பிள்ளைகளும் உட்கார்ந்திருந்தார்கள். அவ்வளவுதான். மற்ற நாற்காலிகளெல்லாம் வெயிலைப் பார்த்துக்கொண்டு சும்மா கிடந்தன.

ஜெயராமனுக்குப் போன் செய்தேன். "வண்டி கெளம்பிடுச்சும்மா, டென்ஷன் ஆவாத."

காஸ்பருக்குப் போன் செய்தேன். "வந்துக்கினே இருக்காங்க. நீ மேடைய பாத்துக்கோ."

எனக்கு உட்கார முடியவில்லை. மேடை ஏறுகிறேன், இறங்குகிறேன். சாலை வரை போய் எட்டிப் பார்க்கிறேன். வருகிறதெல்லாம் திருவண்ணாமலை பஸ். என் வீட்டுக்காரர் எழிலனை வண்டியில் வல்லம் வரை போய்ப் பார்த்து வரச் சொன்னேன். அங்கிருந்து போன் வந்தது.

"கலை, இங்க ஒரு வேன்கூட இல்ல. எல்லாரும் கொல்லையில மல்லாட்டைச் செடி புடுங்கிக்கினு இருக்காங்க. கேட்டா, இன்னைக்குக் கூட்டமான்னு என்னையே கேக்கறாங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தலைமை இரண்டு பேர். கூட்டம் வரவில்லையென்றால் பழி இரண்டு பேருக்கு. அதாவது, எதிராளிக்கு. அவன் கூட்டிக்கொண்டு வரட்டும், நாம் பெயர் வாங்கிக்கொள்ளலாம். வரவில்லையென்றால் தலைவர் முன்னால் அவன் மானம் போகட்டும். இவரும் அப்படியே நினைத்தார், அவரும் அப்படியே நினைத்தார். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் என்ன ஒற்றுமை! போனைத் தூக்கி எறியலாம் போல இருந்தது. அடுத்த அழைப்புக்கு அது வேண்டும் என்பதால் எறியவில்லை.

சொன்ன நேரத்துக்குத் தலைவரின் கார் வந்துவிட்டது. ஜெயராமனும் காஸ்பரும் ஆளுக்கொரு பொன்னாடையோடு கார்க் கதவின் இரண்டு பக்கமும் நின்றார்கள். தலைவர் களைத்துப்போயிருந்தார். மேடை ஏறி, பந்தலை ஒரு முறை பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

"ஜனங்கள் எங்கே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

ஆறு வருடமாக ஒரே காரில் ஏறாதவர்கள் ஒரே மூச்சில் சொன்னார்கள்.

"கேண்டிடேட் வீக் சார்."

எனக்கு அழுகை வந்தது. அதற்கு முன்னால் கோபம் வந்துவிட்டதால் அழவில்லை. நோட்டீஸிலிருந்து வல்லம் வரை எல்லாவற்றையும் தலைவரிடம் சொல்லிவிட்டேன். பூத்துக்கு ஆள் இல்லாததையும் சொன்னேன். ஜெயராமன் வானத்தைப் பார்த்தார். காஸ்பர் பொன்னாடையை மடித்துக்கொண்டிருந்தார்.

தலைவர் என்னைத் தனியாக ஓரமாக அழைத்துப் போனார். "காலையில் ஓர் ஊரில் மேடைக்குக் கீழேயே அடிதடி. நேற்று வேறொரு மாநிலத்தில் இதே மாதிரிக் காலி நாற்காலி. நாட்டில் பாதிப் பேர் நமக்கு ஓட்டுப் போடத் தயாராக இருக்கிறார்கள், அம்மா. அதை வாங்கிக்கொள்ளத்தான் ஊர் ஊருக்கு ஆள் இல்லை" என்றார். நியாயமான மனிதராகத்தான் தெரிந்தார். இப்போது ஏதாவது செய்யப்போகிறார் என்று காத்திருந்தேன். என் தோளைத் தட்டி, "இவர்களை விட்டால் எனக்கும் வேறு ஆள் கிடையாது. கொஞ்சம் அனுசரித்துப் போங்கள்" என்றார்.

பிறகு மைக்குக்கு முன்னால் போய், ஒரு கையால் ஜெயராமன் கையையும் மறு கையால் காஸ்பர் கையையும் தூக்கிப் பிடித்தார். கேமராக்காரர் படம் எடுத்தார். என் கையைத் தூக்க அவரிடம் கை மிச்சமில்லை. தலைவர் ஆங்கிலத்தில் பேசியதை நான் தமிழில் சொன்னேன். நாட்டைக் காப்பாற்ற நம்மால்தான் முடியும் என்றார், சொன்னேன். நம் கட்சியில் பிளவே இல்லை என்றார். அதையும் சொன்னேன். முன்வரிசையில் துணிப்பையை மடியில் வைத்திருந்த ஓர் அம்மாள் சத்தமாகச் சிரித்துவிட்டார். தலைவர் அதை வரவேற்பு என்று எடுத்துக்கொண்டு கும்பிட்டார்.

கார் திருவண்ணாமலைப் பக்கம் போனது. இருவரும் வழியனுப்பச் சாலை வரை போனார்கள். மேடையில் நான் மட்டும் நின்றேன். கூட்டம் முடிந்தது என்று சொல்லிவிட்டு இறங்க வேண்டியதுதான். இறங்க மனம் வரவில்லை. மைக்கைப் பிடித்தேன்.

"நான் ஓட்டு கேக்கப் போறதில்லைங்க" என்றேன். "எனக்கு பூத்துல உக்கார ஆள் இல்ல. இந்தப் பக்கம் ஒரு ஊர்லயும் இல்ல. உங்கள்ல யாராச்சும் உக்காருவீங்களா?"

சிரித்த அம்மாள்தான் முதலில் எழுந்தார்.

"நான் கூட்டத்துக்கு வர்ல. பஸ்ஸு வர நேரமாவும், நெழலா இருக்குதேன்னு உக்காந்தேன்" என்றார். "எந்த ஊரு பூத்துக்கு ஆளு ஓணும்?"

"உங்க ஊரு எதும்மா?"

"தொண்டூரு. அம்மாக்கண்ணுன்னா எல்லாருக்கும் தெரியும்."

"அப்ப தொண்டூர்லயே உக்காரலாம். காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் வர்றவங்க மூஞ்சியப் பாக்கணும். ஊருக்காரங்களான்னு சொல்லணும்."

"இவ்ளோதானா? ஊர்ல எல்லா மூஞ்சியும் எனக்குத் தெரியும். எவன் எவன் மெட்ராஸ்ல இருக்கான்னும் தெரியும்."

பக்கத்தில் இருந்த இன்னொரு பெண்ணும் எழுந்தார், "எனக்கு அவலூர்பேட்டை" என்றபடி. அதற்குள் ஜெயராமனும் காஸ்பரும் ஓடி வந்தார்கள். "மைக்க ஆஃப் பண்ணுடா!" என்று இரண்டு குரலும் சேர்ந்தே வந்தன. மைக் அணைந்தது.

"கட்சியில மெம்பர்கூட இல்லாத பொம்பளைங்கள உக்கார வெச்சா, அப்பறம் நாங்க எதுக்குமா இருக்கோம்?" என்றார் ஜெயராமன்.

அதைத்தான் நானும் ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

காஸ்பர் குரலைத் தாழ்த்தினார். "நாளைக்கே ஆளு தர்றோம்மா. ரெண்டு பேரும் தர்றோம். இதெல்லாம் வேணாம்."

ஜெயராமனும் தலையாட்டினார். இந்தத் தலையாட்டலுக்குத்தான் நான் அந்தச் சாலையைத் தாண்டித் தாண்டி நடந்தேன். சரி என்ற சொல் வாய் வரை வந்துவிட்டது. வந்த சொல் அப்படியே நின்றது. நோட்டீஸை வாங்கிப் பார்த்தபோதும் இதே மாதிரிதான் இருவரும் ஆட்டினார்கள்.

"இன்னாம்மா, நான் உக்காரட்டா, வேணாமா?" அம்மாக்கண்ணு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கீழிருந்து கேட்டார். "பஸ்ஸு வந்துடுச்சு."

மைக் இல்லாமலே கத்தினேன். "உக்காருங்கம்மா! நாளைக்குக் காலைல நானே தொண்டூருக்கு வர்றேன்."

அவர் சாலைப் பக்கம் நாலு அடி நடந்து, திரும்பி நின்றார். "உக்காருறன்னு சொன்னதால ஓட்டும் உனக்குத்தான்னு நெனச்சிக்காத" என்றார். "உங்க கட்சிய நெனச்சாதான் யோசனையா இருக்குது."