கோட்டைச்சுவருக்கு நீலப் பெயிண்ட்

1

இந்தக் கதை பெயிண்ட் வாசனையிலிருந்து பிறந்தது. எனக்குத் தூக்கம் வராததும் அதனால்தான்.

‘பல நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு மன்னன்...’ வேண்டாம். மன்னனைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது.

‘எங்கள் சமையலறையின் பின்சுவர், நகரத்தின் பழைய கோட்டைச்சுவர்.’ இது உண்மை. இதையே வைத்துக்கொள்ளுங்கள்.

2

நாளைக் காலை நகராட்சிப் பொறியாளர் அந்தச் சுவரைப் பார்க்க வருகிறார். சுவரின் மேல் நடைபாதை வரப்போகிறது. அதை ஒட்டிய வீடுகளில் எது இருக்கலாம், எது போகணும் என்று அவர்தான் சொல்வார்.

இனி வரும் அப்பா பாத்திரத்தை நீங்கள் நம்பமாட்டீர்கள். பெற்ற மகள் நானே நம்பவில்லை.

“பெரிய மனுஷர் வர்றாரு. சுவரு இப்படி அழுக்கா இருந்தா நம்மளப் பத்தி என்ன நினைப்பாரு?”

சாயங்காலம் முழுக்கப் பெயிண்ட் அடித்தார். பளபளக்கும் நீலம்.*

(* நிறத்தைத் தேர்ந்தெடுத்தது யார் என்பது கதைக்குத் தேவையில்லை. சரி, நான்தான்.)

3

அப்பா குளிக்கப் போனதும் பக்கத்து வீட்டு டெய்லர் அக்கா எட்டிப்பார்த்தார்.

“அடிப்பாவி! என்னடி இது, மீன்தொட்டி மாதிரி?”

“நல்லா இல்லையாக்கா?”

“நல்லாத்தான் இருக்கு. ஆனா கோட்டைக் கல்லுல கை வைக்காதவங்கதான் இங்க இருக்கலாம்னு நகராட்சிக் கூட்டத்துல சொன்னாங்களே! உங்கப்பாவும் வந்திருந்தாரே?”

“வந்தாரு. பின்வரிசையில தூங்கிட்டாராம்.”

“போச்சு போ. நீயே பக்குவமா சொல்லிடு. எனக்குத் தைரியம் இல்ல.”

எனக்கு மட்டும்

(இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. குளித்துவிட்டு வந்தவர் பாட்டுப் பாடிக்கொண்டே சாப்பிட்டார். எப்படிச் சொல்ல?)

4

முடிவு அ: பொறியாளர் நீலத்தில் மயங்கி, “ஆகா, நீங்க இங்கேயே இருங்க” என்கிறார். இதைக் கோடு போட்டு அடித்துவிட்டேன். நான் சின்னப் பெண்தான், முட்டாள் இல்லை.

முடிவு ஆ: விடிவதற்குள் நானே துடைத்துவிடுகிறேன். இதை எழுதிப் பார்க்கவில்லை, செய்தே பார்த்தேன். மண்ணெண்ணெய்த் துணியால் தேய்த்தேன். பொந்துக்குள் இறங்கிய நீலம் வெளியே வருவேனா என்கிறது. இப்போது சுவருக்கு அம்மை போட்டது போல இருக்கிறது. வீடு போய்விட்டால் நாங்கள் எங்கே

முடிவு இ:

“யாரும்மா அடுப்படியில? இன்னும் தூங்கலையா?”

இதை நான் எழுதவில்லை. அப்பாவேதான் பக்கத்து அறையிலிருந்து கேட்கிறார்.

“தண்ணி குடிக்க வந்தேன்ப்பா.”

“அப்படியே காஞ்சிருச்சான்னு தொட்டுப் பாரு. காலையில அவரு கையில ஒட்டிக்கப் போவுது.”

அடுத்த வசனம் என்னுடையது. எனக்கு வரவில்லை. நீங்களாவது ஒன்று சொல்லிக்கொடுங்கள். சீக்கிரம். கட்டில் முனகுகிறது, எழுந்து வருகிறார்.